ஒன்பதாம் ரீலின் ஓரம்

பழைய சினிமாச் சுருள்களோடு வேலை என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அப்ப தினமும் படம் பார்ப்பீங்களா?" படத்தை யார் பார்க்கிறார்கள்? நான் பார்ப்பது ஓரத்தை. சுருளின் ஓரத்துத் துளைகளுக்கும் படக்கட்டத்துக்கும் நடுவே தீக்குச்சி அகலத்தில் ஒரு பட்டை ஓடும். பேச்சு, பாட்டு, அடிதடி, இடி, மழை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. செம்பூரில் ஒரு சின்னப் பட்டறையில், விளக்கு எரியும் கண்ணாடிப் பலகைமேல் சுருளை விரித்து, ஒற்றைக் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு அந்தப் பட்டையைப் பார்ப்பது என் வேலை. பார்த்துப் பார்த்து ஒரு கண் கெட்டுவிட்டது. பொறுமை முன்பிருந்தே கிடையாது.

அந்தப் பட்டை எல்லாப் பிரதிகளிலும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு இரண்டு பக்கமும் ஒன்றுபோல விரிந்து சுருங்கிப் போகும். சத்தம் கூடினால் விரியும், யாரும் பேசாத இடத்தில் மெலிந்து நூலாகிவிடும். சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் பல் பல்லாக இருக்கும், மறுபக்கம் நேர்கோடு. சிலவற்றில் கோடு இரட்டையாக வரும். பின்னால் வந்த ஸ்டீரியோ பிரதிகளிலும் இரண்டு கோடுகள்தான், ஆனால் ஒன்று போல் ஒன்று இருக்காது. இவற்றையெல்லாம் பட்டறையில் 'அலை' என்போம். இன்னொரு வகை உண்டு. அதில் வளைவு நெளிவே கிடையாது. பட்டை முழுக்கச் சாம்பல் நிறத்தில் குறுக்குக் கோடுகள், சிலது அடர்த்தியாக, சிலது வெளிறி. அதற்கு எங்கள் பெயர் 'ஏணி'. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போவார்கள், நான் கத்துவேன்.

சுருளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஸ்கேன் செய்வோம், வகை தெரியாமல் செய்தால் எல்லாம் பாழ். அலைக்குச் செய்வதுபோலக் கறுப்பைக் கூட்டினால் ஏணியில் சாம்பல் முழுவதும் போய்விடும், பேசுகிறவர் வாய்க்குள் துணியைத் திணித்த மாதிரி கேட்கும். முதல் ரீலைப் பார்த்தால் போதாதா என்று எங்கள் முதலாளி அலுத்துக்கொள்வார். போதாது. பம்பாயில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிகளுக்கு ஓடிய தமிழ்ப் பிரதிகள் அத்தனையும் ஒட்டுப்போட்டவை. ஒரு ரீல் கிழிந்தால் அதே படத்தின் வேறொரு பிரதியிலிருந்து அந்த ரீலை எடுத்துச் சொருகிவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, ஓரத்துக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் தாராவியில் ஒரு பிளாஸ்டிக் கோடவுனிலிருந்து எங்கள் முதலாளி ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை மீட்டுக்கொண்டு வந்தார். இந்திப் படம், தமிழில் டப்பிங் செய்தது. பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. காஷ்மீர்ப் பனியில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு கதாநாயகி தமிழ் பேசுகிறாள் என்பதை வேடிக்கையாக, படத்தின் பெயரோடு, அன்று சாயந்தரம் கீழ் வீட்டு அம்மாவிடம் சொன்னேன். எழுபத்தைந்தைத் தாண்டியவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குழந்தையாகத் தாராவிக்கு வந்து, அங்கேயே கல்யாணமாகி, மகனுக்கு பேங்க் வேலை கிடைத்த பிறகு செம்பூருக்கு வந்தவர். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏ பிள்ள, அதுல அந்தப் பொம்பளைக்குப் பேசுனது நாந்தாம்லா."

தாராவித் தமிழ்ச் சங்கத்து நாடகத்தில் இவர் பேசியதைக் கேட்ட யாரோ தாதரில் இருந்த ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார்களாம். "எழுதிக் குடுத்ததெல்லாம் நீளம். அவ வாய் அதுக்குள்ள மூடிரும். நானா வெட்டிச் சுருக்கிப் பேசுனேன். மெஷின்காரனுக்குத் தமிழே தெரியாது, வாய் சேந்தாப் போதும்னுட்டான். கூடப் பேசுனவங்க எல்லாம் நம்ம பக்கத்து ஆளுக, யாரு என்னன்னு கேக்கா?" அதற்கப்புறம் கல்யாணம். புருஷன் வீட்டில் சினிமா என்ற வார்த்தையைச் சொன்னாலே சண்டை வரும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. கூடப் பேசியவர்களில் இன்று ஒருவரும் இல்லை.

மகன் உள்ளேயிருந்து வந்தார். "மேடம், சீரியஸா எடுத்துக்காதீங்க. அம்மா இப்ப குச் பி, வாய்க்கு வந்ததெல்லாம் பேசறாங்க. டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிருக்கேன்."

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். இந்த அம்மா மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போகக் கிளம்பி, குர்லாவில் வண்டி மாறும்போது எதிர்ப்பக்க வண்டியில் ஏறிக் கல்யாண் வரை போய்விட்டார். ஒரு நாள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டுச் சாவி மகனிடம். அவர் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவார், அவசரத்துக்கு ஒரு சாவி எதிர்வீட்டில். நானே இரண்டு தடவை எதிர்ப்பக்க வண்டியில் ஏறியிருக்கிறேன், என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா சொல்வது நிஜம் என்று நான் சத்தியம் செய்திருப்பேனா என்றால், இல்லை. வயதானவர்கள் ஆசைப்பட்டதை நடந்ததாகச் சொல்வதை நானும் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு ரீல்களை ஸ்கேன் செய்ததும் கதாநாயகி பேசும் இடங்களை போனில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டினேன். நல்ல பழகிய குரல். "நீங்க எப்ப வந்தீங்க? எங்க போயிருந்தீங்க?" என்று வழவழவென்று மதராஸ் தமிழ். அந்த அம்மா போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார்.

"இது நானில்ல."

"அன்னைக்கு நாந்தான்னு சொன்னீங்களேம்மா," என்றார் மகன். திட்டவில்லை, குழந்தையிடம் பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், தானே தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. எதற்காகக் கொண்டுவந்தோம் என்று என்னையே நொந்துகொண்டு மாடி ஏறினேன்.

அந்த வாரம் மிச்ச ரீல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எட்டு வரைக்கும் ஒரே அலை, இரண்டு பக்கமும் விரிகிற வகை. ஒன்பதாவது டப்பாவைத் திறந்து நுனியைப் பலகைமேல் இழுத்துவிட்டு லென்ஸை வைத்தால், ஏணி. பத்தாவதைத் திறந்தேன், மறுபடி அலை. ஒரே படத்துக்கு இரண்டு வகை ஒலி நெகட்டிவ் இருந்தால் ஒலிப்பதிவு இரண்டு இடத்தில் நடந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு இடத்தில் நடந்திருந்தால் குரல்களும் இரண்டு செட்டாக இருக்கலாம். முதலில் இங்கே பம்பாயில் பேசியிருப்பார்கள், மதராஸில் யாருக்கோ பிடிக்காமல் அங்கே திரும்பப் பேச வைத்திருப்பார்கள். முதல் பிரதி வேண்டாததாக இங்கேயே கிடந்திருக்கும். பின்னால் வந்த பிரதியில் ஒன்பதாம் ரீல் கிழிந்தபோது அதிலிருந்து எடுத்துச் சொருகியிருப்பார்கள். எல்லாம் என் ஊகம்தான். ஏணிக்கு உரிய மாதிரி எல்லாவற்றையும் மாற்றி வைத்து அந்த ரீலை மட்டும் முதலில் ஸ்கேன் செய்தேன்.

அந்த ரீலில் பாதி சண்டை, மீதி ஒரு பாட்டு. கதாநாயகிக்கு ஒரே ஒரு வரி. கேட்டேன். கேட்டுவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. போனில் எடுத்துக்கொண்டும் போகவில்லை. சனிக்கிழமை அந்த அம்மாவையும் மகனையும் பட்டறைக்கு வரச் சொன்னேன். மகனுக்கு இஷ்டமில்லை. "அம்மா மறுபடி அப்செட் ஆயிடுவாங்க மேடம்" என்றார். இந்த ஒரு தடவை, இதற்கப்புறம் சினிமாப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று சொல்லித்தான் வரவழைத்தேன்.

திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு அந்தக் காட்சியை ஓட்டினேன். பனி. ராணுவ உடுப்பில் கதாநாயகன் வண்டியில் ஏறப்போகிறான். கதாநாயகி ஓடி வருகிறாள், மூச்சு வாங்குகிறாள். அவள் வாய் திறக்கிற அதே நொடியில் என் பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"போனா எப்ப வாரிய?"

திரையில் வாய் மூடியது, இங்கே பேச்சும் முடிந்தது. அந்த அம்மாவே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் படத்தைப் பின்னால் இழுத்து, சத்தத்தை வைத்து, மறுபடி ஓட்டினேன். காற்றின் இரைச்சல், வண்டி இன்ஜின், பாதங்களின் சத்தம். பிறகு காஷ்மீர்க் குல்லாய் போட்ட அந்தப் பெண் அசல் திருநெல்வேலித் தமிழில் கேட்டாள்: "போனா எப்ப வாரிய?" சின்ன வயதுக் குரல், ஆனால் அதே இழுப்பு, அதே 'ரி'. மதராஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகன் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இத்தனை வருஷம் சொல்லல?"

"சொன்னேம்லா. நீதான் டாக்டர்ட்ட நாள் வாங்கிட்டு வந்த." கோபமாகச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார். "சாவியக் குடு."

டாக்டரிடம் போனார்கள். மறதி கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அடுப்புக்குத் தானாக அணைகிற ஏற்பாடு ஒன்றை மகன் பொருத்தினார். ஒன்பதாம் ரீலில் மட்டும் குரல் மாறுகிறது, வேறு பிரதி கிடைத்தால் மாற்றிவிடலாம் என்று எங்கள் முதலாளி சொன்னார். மாற்றினால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்றேன். அது அப்படியே இருக்கிறது.

இரண்டு ஞாயிறு கழித்துக் காலையில் துணி உலர்த்த பால்கனிக்கு வந்தேன். கீழே அந்த அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். சாவி இடுப்பில் தொங்கியது. மாதுங்கா மார்க்கெட்டுக்குத்தான், தனியாக. மகன் பனியனோடு வாசலுக்கு ஓடி வந்தார். கூடப் போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பம்மா வருவீங்க?"

அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"வாரப்ப வாரேன்," என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.