எங்கடினில் தங்கம் அரித்த இரண்டு மாலைகள்

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு பனிக்காலம் முழுவதும், சுவிஸ் மலைப் பள்ளத்தாக்கான எங்கடினில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். என்னோடு கழுவியவர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அண்ணை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், நல்ல நெடுவல். நான் கட்டை. கூரைக்குக் கீழே ஓர் அறையில் இருவருக்கும் இரண்டு கட்டில்கள், ஒரு யன்னல். ஊரில் எங்களைத் தெரிந்தவர்கள், பெடியள் சுவிசில் பெரிய ஹோட்டலில் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த மாசி மாதம் நாங்கள் இருவரும் கதைப்பதில்லை. காரணம் ஒரு போத்தல் கறித்தூள். சுவிசின் இன்னொரு பக்கம், வில் என்ற நகரத்தில் இருந்த என் மச்சாள் வறுத்து அரைத்துத் தபாலில் அனுப்பியது. நான் அதை மருந்து மாதிரி அளந்து பாவித்து வந்தேன். ஒருநாள் வேலை முடிந்து மேலே போனால் போத்தலைக் காணவில்லை. அண்ணை அதைக் குசினிச் செஃபிடம் கொடுத்துவிட்டிருந்தார். செஃப் அதைக் கிரீமில் கரைத்து, கோழியிறைச்சியோடு வாழைப்பழம், அன்னாசி, சிவப்புச் செர்ரி எல்லாம் போட்டு, இந்தியக் கறி என்று விருந்தினருக்குப் பரிமாறினார். அவர்கள் கோப்பையை நக்காத குறை. எனக்கு அன்று கழுவுவது சுகமாக இருந்தது.

அடுத்த நாளே அண்ணைக்கு மரக்கறி வெட்டும் மேசைக்கு உயர்வு கிடைத்தது. நான் தனியே கோப்பை கழுவினேன். இனி இந்த மனிசனோடு கதைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அவரும் அதே முடிவை எடுத்தார். அவர் எதற்காக எடுத்தார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அறையில் அவர் யன்னலைத் திறப்பார், நான் பூட்டுவேன். எங்களுக்குள் இருந்த ஒரே தொடர்பு அதுதான்.

பிறகு பனிப்புயல் வந்து மலை லிஃப்ட் எல்லாம் நின்றது. பனிச்சறுக்க வந்த விருந்தினர் ஹோட்டலுக்குள் அடைந்து கிடந்து ஒருவரையொருவர் முறைக்கத் தொடங்கினார்கள். முதலாளியின் மனைவியை நாங்கள் ஷெஃபின் என்று கூப்பிடுவோம், ஜெர்மனில் முதலாளியம்மா. அவர் எங்கிருந்தோ ஒரு பழைய ஹொலிவூட் பகிடிப் படம் எடுப்பித்துச் சாப்பாட்டு மண்டபத்தில் போட்டுக் காட்டினார். இரண்டு கூட்டாளிகள் தங்கம் தேடிப் பனி நாட்டுக்குப் போகிறார்கள். ஒருவரையொருவர் ஏமாற்றுகிறார்கள், ஒரு போர்வைக்கு அடிபடுகிறார்கள், ஆனால் பிரிய முடியவில்லை.

நான் அதைக் குசினிக் கதவின் வட்டக் கண்ணாடியால் பார்த்தேன். சத்தம் கேட்காது. மண்டபத்தில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாஷை தெரியாத குளிர் நாட்டில் இரண்டு பேர், நனைந்த சப்பாத்து, அளவில்லாத கோட்டு, நாளைக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை. இதில் பகிடி எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்துக் கதவின் கண்ணாடியில் அண்ணையின் முகம் தெரிந்தது. அவரும் சிரிக்கவில்லை.

படத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து ஷெஃபின் இன்னொரு யோசனை பிடித்தார். ஒரு மரத்தொட்டியில் மணலும் தண்ணீரும் நிரப்பி, பித்தளைத் துகள் தூவி, விருந்தினரைத் தங்கம் அரிக்க விடுவது. அதற்கு முன் படத்தில் வரும் கூட்டாளிகள் போல இருவர் வந்து பகிடி விடுவது. பனிச்சறுக்குப் பழக்கும் வாத்தியாரும் பார்காரரும் என்று ஏற்பாடு. வாத்தியார் அன்று காலை கணுக்காலை முறித்துக்கொண்டார். மலையில் அல்ல, ஹோட்டல் வாசற்படியில்.

மத்தியானம் ஷெஃபின் குசினிக்குள் வந்து சுற்றிப் பார்த்தார். அவருடைய கண் நெடுவலிலும் பிறகு கட்டையிலும் நின்றது.

"நீங்கள் இருவரும் நல்ல நண்பர்கள் அல்லவா?" என்று, எங்களுக்கென்றே வைத்திருந்த மெதுவான ஜெர்மனில் கேட்டார்.

வேலை தருபவர் கேட்டால் என்ன சொல்வது? "யா" என்றோம், ஒன்றாக.

பஞ்சுத் தாடியும் உரோமத் தொப்பியும் போட்டு எங்களை மண்டபத்துக்குள் தள்ளினார்கள். பேச்சு வேண்டாம், தங்கம் தேடுங்கள், தட்டை ஆளுக்காள் பறியுங்கள், அவ்வளவுதான் என்று ஷெஃபின் சொல்லியிருந்தார். தட்டு, நான் காலையில் கழுவிய அடுப்புத் தட்டு. அண்ணை அதில் மணலை அள்ளி, அரிக்கன் சட்டியில் அரிசி அரிப்பது போல வடிவாகச் சுழற்றினார். நான் பறித்தேன். கொஞ்சம் பலமாகப் பறித்துவிட்டேன் போல. மணலும் தண்ணீரும் அவருடைய காற்சட்டையில் கொட்டின.

"பாத்து இழுடா!" என்றார். ஒரு கிழமைக்கு மேலாக அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

"நான் பாத்து இழுக்கவோ? என்ர தூளைக் குடுக்கேக்கை நீங்கள் பாத்தனீங்களோ?"

"உன்னைக் கேட்டிட்டுத்தானே குடுத்தனான்!"

"எப்ப கேட்டனீங்கள்?"

"நீ படுத்திருந்தாய். தலையாட்டினாய்."

"நித்திரையிலை தலையாட்டினது சம்மதமோ?"

மண்டபம் அதிர்ந்தது. ஒரு சொல்லும் விளங்காமல் ஐம்பது அறுபது பேர் கண்ணீர் வரச் சிரித்தார்கள். அதைக் கேட்க எனக்கு இன்னும் கோபம் ஏறியது. தாடி ஒரு பக்கம் கழன்று தொங்க, தட்டை நிலத்தில் எறிந்தேன். கைதட்டல்.

"வாழைப்பழம் போட்டவங்கள்! என்ர மச்சாளின்ர தூளுக்கை வாழைப்பழம்! நீ பாத்துக்கொண்டு நிண்டனி!"

நீ என்று சொன்னது எனக்கே கேட்டது. வயதுக்கு மூத்தவரை அதுவரை நான் அப்படிச் சொன்னதில்லை. அண்ணை உரோமத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

"ஓம், நிண்டனான்," என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி. "எனக்கும் வயிறு பத்தினதுதான். தூளைக் குடுக்கேக்கை ரெண்டு பேரையும் மேலை எடு எண்டு கேட்டனான். ஓம் ஓம் எண்டவன், விடிய ஒராளைத்தான் எடுத்தான். மாதா அறிய உண்மை. அதை உனக்கு எந்த முகத்தோடை சொல்லுறது?"

"அதுக்கோ கதைக்காமல் இருந்தனீங்கள்?"

"நீதானே முதல் முகத்தைத் திருப்பினனி!"

அவருடைய பஞ்சுத் தாடி நனைந்து நெஞ்சில் ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இருவரும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தோம். விருந்தினர் எழும்பி நின்று கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர், அது எஸ்கிமோ பாஷைதான் என்று தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

புயல் விடவில்லை. ஷெஃபின் அடுத்த நாளும் அதையே செய்யச் சொன்னார். முதல் நாள் வராதவர்களும் வந்து இடம் பிடித்திருந்தார்கள். நாங்கள் அன்று முழுவதும் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்து, விட்டுப்போன கதையெல்லாம் கதைத்து முடித்து, நல்ல சந்தோஷமாக மேடைக்குப் போனோம். அங்கேதான் பிசகியது.

"பாத்து இழுடா," என்றார் அண்ணை, பாசத்தோடு.

"நொந்திட்டுதோ அண்ணை?" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தூள் கதையைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். அதில் சூடு இல்லை. நான் தட்டை எறிந்தேன், அவர் குனிந்து எடுத்துத் தந்தார். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"நேற்று எவ்வளவு இயல்பாக இருந்தீர்கள்!" என்று ஷெஃபின் பிறகு கவலைப்பட்டார். "இன்றைக்கு நடிக்கிறீர்கள்."

மூன்றாம் நாள் எங்களுக்குப் பதிலாகப் பார்காரரும், ஊன்றுகோலோடு வாத்தியாரும் ஏறினார்கள்.

பனி உருகி ஹோட்டலைப் பூட்டியபோது, பள்ளத்தாக்கின் மேற்பக்கத்தில் இன்னொரு ஹோட்டலில் அண்ணைக்கு வேலை கிடைத்தது. என்னையும் எடுத்தால்தான் வருவேன் என்று அடம்பிடித்து, இந்த முறை இரண்டு இடம் வாங்கினார். அங்கே மூன்று வருடம் ஒன்றாக இருந்தோம். சண்டை பிடிக்காமல் ஒரு கிழமை போனதில்லை. கைதட்டத்தான் ஆள் இருக்கவில்லை.