சாட்சி சொன்ன வயிறு

அருள்மேரியின் வயிற்றுவலியை அவள் வீட்டில் யாரும் வலியாகவே மதிக்கவில்லை. மதிப்பதற்கு டாக்டர்களும் வழி செய்யவில்லை. ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல், டியூப் விட்டுப் பார்த்ததும் நார்மல். ஒவ்வொரு நார்மலுக்கும் வீட்டில் அவள் மரியாதை ஒரு படி இறங்கியது. கடைசியில் ஒரு குடல் டாக்டர் அதற்கு ஐ.பி.எஸ். என்று பெயர் சொன்னார். குடல் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், வேலையைத்தான் தாறுமாறாகச் செய்யும் என்று விளக்கி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலிக்கு ஒரு பெயர் கிடைத்த சந்தோஷத்தில் பொழிச்சலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து வீட்டில் சொன்னாள்.

"பார்றா, என் பொண்டாட்டி ஐ.பி.எஸ். ஆயிட்டா! இனிமே சல்யூட் அடிக்கணும்" என்றான் சவுரிமுத்து. கட்டிய புருஷன், கால்டாக்சி ஓட்டுகிறவன். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான், அதனால் ஊரில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

அவளுக்கு வேலை குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில். சாப்பிட்டால் வயிறு கடையில் வைத்துக் காலை வாரும் என்று காலையில் பட்டினியாகவே போவாள். அப்படியும் வாரும். கல்யாணக் கூட்டம் எதிரே உட்கார்ந்திருக்க, பாதிப் புடவையை விரித்துப் போட்டுவிட்டு மாடிக் கழிவறைக்கு ஓடுவாள். "மேரி, அங்கியே ஒரு சேர் போட்டுடட்டா?" என்பார் சூப்பர்வைசர். கூட நிற்கிற பெண்களும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைப்பாள், வேறு வழி?

அப்படி ஒரு நாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவளை, புடவை எடுக்க வந்த ஒரு பெண் கவனித்தாள். பெயர் ஷாயிஸ்தா. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கிறவள். பிசியோதெரபி படித்து, அதற்கு மேல் ஆஸ்டியோபதி கற்றவள். "எவ்ளோ நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டாள். பதிலுக்காகக் காத்திருக்கவும் செய்தாள். அருள்மேரிக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே கிளினிக்குக்குப் போனாள்.

ஆஸ்டியோபதி என்றால் மெஷின் எதுவும் கிடையாது, கைதான். படுக்க வைத்து, விலா எலும்புக்குக் கீழே, தொப்புளைச் சுற்றி, இடுப்புக்குப் பின்னால் என்று ஷாயிஸ்தா கையை வைப்பாள். அழுத்த மாட்டாள். அருள்மேரியின் மூச்சு ஏறி இறங்குவதோடு கையும் ஏறி இறங்கும். பிசைந்த மாவு போல வயிறு மெள்ள இளகும். முதல் நாளே ஷாயிஸ்தா தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அக்கா, இது வேரோட எடுக்கிற வைத்தியம் இல்ல. சிலருக்கு நல்லா அடங்குது, சிலருக்கு அவ்வளவா இல்ல. டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தாதீங்க. திரும்ப வந்தா பயப்படாம வாங்க."

அருள்மேரிக்கு அடங்கியது. இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு வயிறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ரத்தினபாய் அண்ணி இதைக் கேள்விப்பட்டாள். சவுரிமுத்துவின் அக்கா. பம்மலில் தன் வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை செபக்கூட்டம் நடத்துகிறவள். அருள்மேரிக்காக வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தவள், அது பொய்யில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டியது கிடைத்தவர்கள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும்.

"ரெண்டையும் சொல்லிடறேங்க. அண்ணி செபத்தையும் சொல்றேன், அந்தப் பொண்ணு கை வெச்சதையும் சொல்றேன்" என்றாள் அருள்மேரி.

"அக்கா உனுக்காகப் பட்டினி கெடந்துச்சு மேரி. அத்த மட்டும் சொல்லு, இன்னா கொறைஞ்சிடப் போவுது?" என்றான் சவுரிமுத்து.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அருள்மேரி எழுந்து நின்றாள். ஓடின ஓட்டத்தை, ரயிலில் வியர்த்துப்போய் ஸ்டேஷன் எப்போது வரும் என்று நின்றதை, சொந்தத் தம்பி கல்யாணப் பந்தியில் வெறும் மோரைக் குடித்துவிட்டு எழுந்ததை எல்லாம் சொன்னாள். ஹாலே அழுதது. சவுரிமுத்துகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இத்தனை வருஷம் வீட்டில் கதறியபோது ஏறாதது, வலி போய்விட்டது என்றதும் எல்லார் காதிலும் ஏறியது. அந்த ஈரமான முகங்களைப் பார்த்தபோது ஷாயிஸ்தாவின் பெயரைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை, விழுங்கிவிட்டாள். "ஆண்டவர் எனக்கு முழு சுகம் குடுத்துட்டாரு" என்று முடித்தாள். கைத்தட்டலுக்குப் பிறகு, சுகமானவள் என்று இலையில் மட்டன் பிரியாணியை மலையாகக் குவித்தார்கள். சாப்பிடாமல் இருக்க முடியுமா?

சில வாரங்களில் வயிறு பழையபடி முறுக்க ஆரம்பித்தது.

"ராஜகீழ்ப்பாக்கம் போய்ட்டு வந்துடறேங்க."

சவுரிமுத்து டி.வி.யை நிறுத்தினான். "சாட்சி சொன்னவ நீ. இப்ப அங்க போய்ப் படுத்துகினா அக்கா மூஞ்சில கரி பூசினா மாரி ஆயிடும். யாராவது பார்த்தா இன்னா சொல்லுவாங்க?"

அண்ணியிடமே சொல்லிப் பார்த்தாள். ரத்தினபாய் கோபப்படவில்லை, பரிதாபப்பட்டாள். "போனது திரும்பி வருதுன்னா உன் விசுவாசத்துல ஓட்டை கீதுன்னு அர்த்தம். வலிக்கிதுன்னு வாயால சொல்லாத" என்றாள். முன்பு அது இல்லாத நோய். இப்போது அவள் செய்த பாவம். வெளியே சொல்லவே கூடாத இடத்துக்கு வலி வந்து சேர்ந்தது. அவள் ஷாயிஸ்தாவிடம் போகவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் ரத்தினபாய் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் ஜீவிதா, பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கும் இதே வயிறு. கன்னம் ஒட்டிப்போய், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் சாட்சிய இவகிட்ட சொல்லு மேரி, தைரியம் வரட்டும்" என்று ரத்தினபாய் அருள்மேரியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்கால்மேல் கை வைத்தாள்.

அருள்மேரி சொன்னாள். முன்பு சொன்னதையே சொன்னாள்.

ஜீவிதா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ராஜகீழ்ப்பாக்கத்துல ஷாயிஸ்தான்னு ஒரு மேடம் இருக்காங்களாம். அவங்ககிட்ட புதன்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். போகலாமா வேணாமான்னு ஒரே குழப்பமா இருக்கு. உங்களுக்கு இப்ப நிஜமாவே வலி இல்லையா?"

அந்த நிமிஷம் அடிவயிற்றில் ஒரு முறுக்கு ஏறி இடுப்பைப் பிடித்தது. போ, கண்டிப்பா போ என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சொன்னால் அவள் பொய்க்காரி, அண்ணியின் உபவாசம் வீண், கூட்டத்துக்கே அவமானம். முழங்கால்மேல் இருந்த கை நகரவில்லை.

"இல்லம்மா. சுத்தமா போயிடுச்சு" என்றாள்.

"அல்லேலூயா" என்றாள் ரத்தினபாய்.

ஜீவிதாவின் முகம் மலர்ந்தது. அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. அருள்மேரியின் கையைப் பிடித்து, "ரொம்ப தேங்க்ஸ்கா" என்றாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே புதன்கிழமை அப்பாயின்ட்மென்டைக் கேன்சல் செய்தாள்.