பாண்டியம்மாவின் தனி டம்ளர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'சிறந்த விருந்தோம்பல் குடும்பம்' என்று எழுதிய கேடயமும் கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கினேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டார்கள்.

அந்த போட்டோவை நான் இன்னும் திறக்கவில்லை. என் சிரிப்பைப் பார்க்க எனக்கே தைரியம் இல்லை.

இந்தப் பத்தியில் வழக்கமாக ஊரைப் பற்றிப் புலம்புவேன். ரோடு சரியில்லை, ஜனங்கள் சரியில்லை, காலம் சரியில்லை... இந்த வாரம் ஊர் பிழைத்தது. என் வீட்டுக்குள்ளேயே விஷயம் இருக்கிறது.

தேனியில் நான் உறுப்பினராக இருக்கும் சேவை கிளப்பைப் பற்றி அவ்வப்போது எழுதியிருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு கூட்டம். மணி அடித்துத் தொடங்குவோம், அறிக்கை வாசிப்போம், சாப்பிடுவோம். நடுநடுவே நல்ல காரியமும் நடக்கும். கெங்குவார்பட்டியில் கண் சிகிச்சை முகாம், கடமலைக்குண்டில் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சுகள். இதற்கெல்லாம் நிதி திரட்ட வருஷத்துக்கு ஒரு உணவுத் திருவிழா. பேனரில் எங்கள் தலைகள் பெரிதாகவும், செய்த காரியம் சின்னதாகவும் இருக்கும். எந்த ஊரில்தான் அப்படி இல்லை?

இந்த வருஷம் புதிதாக இளைஞர் பரிமாற்றத் திட்டம். இங்கிருந்து ஒரு பிள்ளை வெளிநாடு போய் அங்கே குடும்பங்களோடு தங்கிப் படிக்கும். அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வரும். போடியிலிருந்து ஒரு பையன் போனான். ஃபின்லாந்திலிருந்து ஐனோ வந்தாள். பதினேழு வயது. பேசுவதற்கு முன் ஒரு நொடி யோசிக்கிற பெண்.

"முதல் மூணு மாசம் யார் வீட்ல தங்க வைக்கிறது?" என்று கிளப் தலைவர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "எங்க வீட்ல இருக்கட்டும். நம்ம பண்பாட்டை நேர்ல பார்க்கட்டும்" என்றேன். கைதட்டினார்கள்.

நேரில்தான் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் நானும் என் மனைவி சுசீலாவும்தான். பிள்ளைகள் பெங்களூரில். வீட்டு வேலைக்குப் பதினோரு வருஷமாக பாண்டியம்மா வருகிறார். ஊருக்கு வெளியே காலனியிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பாத்திரம், துணி, கூட்டுவது, துடைப்பது எல்லாம் அவர்தான்.

ஐனோவுக்குத் தமிழ் கற்றுத்தர நான் ஒரு டியூஷன் டீச்சரை ஏற்பாடு செய்தேன். அந்த டீச்சரிடம் அவள் கற்றது உயிரெழுத்து. பேச்சைக் கற்றது பாண்டியம்மாவிடம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டுப் பின்வாசல் படிக்குப் போய்விடுவாள். இருவரும் படியில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். அவர்கள் நாட்டில் காபி இல்லாமல் பொழுது நகராதாம்.

ஒரு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு மதுரைத் தமிழ் பேசுகிற ஃபின்லாந்துக்காரி கிடைத்துவிட்டாள். "அக்கா வந்தாக, பால் காய்ச்சச் சொன்னாக" என்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஒன்று மட்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாண்டியம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் 'வந்தாக' என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். நாங்கள் "பாண்டியம்மா வந்துருச்சா?" என்றுதான் கேட்போம். பால் பாக்கெட் வந்துருச்சா என்று கேட்பதுபோல.

மூன்று மாதம் முடிந்தது. அடுத்து கம்பத்தில் ஒரு திராட்சை விவசாயி வீட்டில் தங்கப்போகிறாள். அதற்கு முன்னால் கிளப் குடும்பங்களுக்கு ஞாயிறு மதிய விருந்து, அதில் ஐனோவின் பேச்சு. ஸ்லைடு போட்டுத் தமிழிலேயே பேசுகிறேன் என்றாள். இரண்டு வாரமாகப் பின்வாசலில் ஒத்திகை நடந்தது. நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சர்ப்ரைஸாக இருக்கட்டுமே என்று.

சர்ப்ரைஸாகத்தான் இருந்தது.

ஹோட்டல் ஹால் நிறைந்த கூட்டம். சுருளி அருவியில் நனைந்த படம், கம்பத்தில் எஸ்டேட் ஜீப் முன்னால் நின்ற படம், சுசீலா தலை வாரிவிடும் படம். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். அடுத்த படம் எங்கள் வீட்டுப் பின்வாசல் படி. ஐனோவும் பாண்டியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில். இருவர் கையிலும் காபி.

"இது பாண்டியம்மா அக்கா. இவுகதேன் எனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தாக" என்றாள் ஐனோ. பலத்த கைதட்டல். அவள் பெருமையோடு தொடர்ந்தாள்.

"எங்க வீட்ல அக்காவுக்கு மட்டும் ஒரு தனி டம்ளர் இருக்கு. வெளிய தண்ணித் தொட்டி மேல இருக்கும். அதுல வேற யாரும் குடிக்க மாட்டாக. அம்மாகூட அதைத் தொட மாட்டாக. மேல இருந்து காபி ஊத்துவாக. எனக்கும் அந்த மாதிரி தனி டம்ளர் வேணும்னு கேட்டேன். அக்கா சிரிச்சாக. 'அந்த மரியாதை ஒனக்கு வேணாம்த்தா'ன்னு சொன்னாக."

கைதட்டல் வரவில்லை.

எனக்குத் தெரிந்து அந்த ஹால் அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு ஓரமாக மேஜை துடைத்துக்கொண்டிருந்த ஹோட்டல் பெண் கையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி, அத்தனை பேரில் சரியாக என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தாரா? எனக்கு அப்படித்தான் இருந்தது.

சுசீலா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அதில் தேட ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"அடுத்த படம், அடுத்த படம்..." என்றார் தலைவர். அடுத்த படம் வந்தது. என்ன படம் என்று நினைவில்லை. அதற்குப் பிறகுதான் பொன்னாடை.

போர்த்தும்போது தலைவர் என் காதருகே குனிந்தார். "விடுங்கண்ணே. எங்க வீட்லயும் அப்பிடித்தேன். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

உண்மையைச் சொல்கிறேன். 'அந்த டம்ளரை நான் கவனித்ததே இல்லை' என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். எழுதியும் விட்டேன். அப்புறம் அடித்தேன். பதினோரு வருஷமாக தினமும் காலையில் அந்தத் தொட்டிப் பக்கம் நின்றுதான் பல் தேய்க்கிறேன். கவனிக்காமல் எப்படி இருக்கும்? போன வருஷம் இதே பத்தியில் டீக்கடை இரட்டை டம்ளர் கொடுமையைப் பற்றிப் பொங்கினேனே, வாசகர்களான நீங்களும் கடிதம் கடிதமாகப் பாராட்டினீர்களே... அதை எழுதிய நாளிலும் அந்த டம்ளர் தொட்டி மேல் கவிழ்ந்துதான் கிடந்தது.

காரில் திரும்பும்போது ஐனோ பின் சீட்டிலிருந்து கேட்டாள்.

"அப்பா, ஏன் எல்லாரும் அமைதியாயிட்டாக? நான் எதுவும் தப்பாச் சொன்னேனா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்லம்மா. அந்த இடத்துல உன் தமிழ் அவங்களுக்கு சரியா புரியல."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். சுருங்கிப் போயிருந்தது. இரண்டு வார ஒத்திகை ஆயிற்றே.

"இன்னும் நல்லாப் பழகிக்கிறேன்ப்பா" என்றாள்.

என் வயதில் மனிதனுக்கு எத்தனையோ பொய்கள் சேர்ந்திருக்கும். இவ்வளவு கேவலமான பொய்யை நான் சொன்னதில்லை.

மறுநாள் காலை ஐனோ பள்ளிக்கூடம் கிளம்பியதும் சுசீலாவிடம் கொஞ்சம் காரமாகவே பேச்சை ஆரம்பித்தேன். "நீ அந்த டம்ளரை..." அவள் முடிக்க விடவில்லை.

"வச்சது நான்தேன். உங்கம்மா வச்ச மாதிரி வச்சேன். பதினோரு வருஷமா பார்த்துக்கிட்டு பேப்பர் படிச்சது யாரு?"

கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

பாண்டியம்மா வந்தார். சுசீலா நாங்கள் குடிக்கிற டம்ளரில் காபி ஊற்றி, சமையலறைக்குள்ளேயே வைத்து நீட்டினாள். பாண்டியம்மா அதை வாங்கவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனிமே அந்தத் தனி டம்ளர் வேண்டாம் பாண்டியம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளை பேசிருச்சாக்கும்" என்றார் அவர், நிதானமாக.

"உனக்குத் தெரியுமா?"

"நாந்தேன சார் திருத்திக் குடுத்தேன். மொதல்ல 'தனியா டம்ளர்'னு தப்பாச் சொல்லுச்சு. 'தனி டம்ளர்'னு சொல்லுத்தான்னேன்."

"அப்பவே தடுத்திருக்கலாமே..." வாய் தவறி வந்துவிட்டது. தவறித்தான் வந்ததா? அதுவும் தெரியவில்லை.

"எதுக்கு சார் தடுக்கணும்? அது சொன்னதுல என்ன பொய் இருக்கு?"

அடுப்பில் பால் பொங்கியது. யாரும் அணைக்கப் போகவில்லை. பாண்டியம்மாதான் போய் அணைத்தார். அணைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"எதுக்குக்கா தனி டம்ளர்னு அது கேட்டப்ப, மரியாதைக்குன்னு சொல்லிட்டேன். ஊரு விட்டு ஊரு வந்து உங்களை அப்பா அம்மான்னு கூப்புடுது. அது மனசுல உங்களை எறக்கிவிட எனக்கு மனசு வரல."

ஹாலில், அத்தனை பேர் முன்னால், நான் நின்றது ஒன்றுமே இல்லை. இங்கேதான் நிற்க முடியவில்லை. எங்கள் மானத்தை மூன்று மாதமாகக் காப்பாற்றி வந்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மன்னிச்சிருங்க" என்றேன். பதினோரு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் 'ங்க' அதுதான்.

அவர் பொங்கி வழிந்த பாலைத் துடைத்தார். காபியை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் பின்வாசல் படிக்குப் போனார். "உள்ள உக்காருங்க பாண்டியம்மா" என்றாள் சுசீலா. "இங்கனயே இருக்கேன்மா, காத்து வருது" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து சுசீலா தன் டம்ளரை எடுத்துக்கொண்டு படிக்குப் போனாள். நான் டைனிங் டேபிளில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை ஐனோவைக் கம்பத்தில் விட நானே காரை ஓட்டினேன். வீரபாண்டி தாண்டும்வரை மழையைப் பற்றிப் பேசினேன். சின்னமனூரில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளர் எதற்கு என்று. ஹால் ஏன் அமைதியானது என்று. காரில் நான் சொன்னது பொய் என்று.

சீட் பெல்ட்டைக் கழற்றி, மறுபடி மாட்டினாள்.

"அக்காவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உத்தமபாளையம் வந்தபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. "அப்ப என் தமிழ் எல்லாருக்கும் புரிஞ்சுச்சு?"

"எல்லாருக்கும் புரிஞ்சுது."

தலையாட்டினாள். கம்பத்தில் பெட்டியை இறக்கி வைத்தேன். கை கூப்பி "வணக்கம்" என்றாள். அன்று முழுக்க என்னை அவள் 'அப்பா' என்று கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று நேற்று பாண்டியம்மாவிடம் அனுமதி கேட்டேன். எழுதுங்க என்றார். "பேரை மட்டும் மாத்திடுறேன்" என்றேன், பெருந்தன்மையாக.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எம்பேரை எதுக்கு சார் மாத்தணும்? நானா தப்பு செஞ்சேன்?"