கழிவுக்கும் கடைசி நாள் உண்டு

கழுத்தில் வந்த புற்றுநோய்க்கு அறுவை முடிந்தபின் எனக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். ஒரே மடக்குதான். குடித்த நிமிடத்திலிருந்து என்னை விட்டு வெளியேறியதெல்லாம் சட்டப்படி கதிரியக்கக் கழிவு. கழிவறைத் தண்ணீர் தனித் தொட்டிக்குப் போனது. நான் மிச்சம் வைத்த இட்லிகூட முத்திரை போட்ட தொட்டிக்குத்தான் போனது. சில நாள் கழித்து ஒருவர் கருவியோடு வந்து, தள்ளி நின்று அளந்து, "அளவு இறங்கிடுச்சு, போலாம்" என்று கையெழுத்துப் போட்டார். வாசலைத் தாண்டினேன். அதே உடம்பு, அதே மூத்திரம். இனி அது கழிவில்லையாம்.

அக்கா மகள் ஜெர்மனியில் நர்ஸ். போனில் சொன்னாள்: "இங்கன்னா அளவு இன்னும் இறங்கினாத்தான் விடுவாங்க சின்னம்மா. அமெரிக்காவுல பல பேரைக் குடிச்ச அன்னைக்கே வூட்டுக்கு அனுப்பிடறாங்க." ஆக, நான் எப்போது ஆபத்து என்பது எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்பதைப் பொறுத்தது. சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு சட்டமும் இந்த மருந்துக்கு ஒரு கடைசி நாள் வைத்திருக்கிறது.

எனக்கும் ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை தட்டு தனி, துணி தனி, பிள்ளைகள் பக்கம் போகக்கூடாது. நான் மேலும் ஒரு வாரம் சேர்த்தே ஒதுங்கியிருந்தேன். மொரப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் நான்.

திரும்பிப் போன அன்று சமையல்கூட வாசலில் நாலைந்து தாய்மார்கள் நின்றார்கள். முன்னால் நின்றவள் என் பக்கத்து வீட்டுக்காரி. "அக்கா, உங்க கையில கதிர் இருக்குதுங்க. சோத்துல இறங்கிடும். எங்க புள்ளைங்க சாப்பிடாதுங்க" என்றாள். இழவு வீட்டில் சட்டியைக் கழிப்பதுபோல, என் கரண்டியையும் சாம்பார் அண்டாவையும் வேலியோரம் புதைத்தும்விட்டார்களாம். நான் அவற்றைக் கடைசியாகத் தொட்டது மருந்து குடிப்பதற்கு இரண்டு மாதம் முன்னால்! இடையில் உதவியாளர் அதே அண்டாவில் சமைத்து, இவர்கள் பிள்ளைகளும் தின்றிருக்கிறார்கள். அணுக்கழிவைப் புதைக்க உலகமே இடம் தேடுகிறது. எங்கள் ஊர் அலுமினிய அண்டாவைப் புதைத்துவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரித் தாளை நீட்டினேன். தலைமையாசிரியை வாங்கி உரக்கப் படித்தார். "தாளு கெடக்கட்டும்ங்க டீச்சர்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"உங்க வூட்டு எழவுத் தீட்டுக்குக்கூடப் பதினாறாம் நாளுன்னு ஒண்ணு இருக்குது. என் தீட்டுக்கு எந்த நாளு? நீயே சொல்லு" என்றேன்.

மண்வெட்டி எடுத்து நானே தோண்டினேன். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தேன். அத்தனை பிள்ளைகளுக்கும் அளந்து பருப்பு வேகவைத்தேன். முதல் கரண்டிச் சோற்றை அவர்கள் கண்ணெதிரே நானே தின்றேன். தலைமையாசிரியை ஒரு தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்று சோறு பாதிக்கு மேல் மிஞ்சியது. மறுநாளும் அத்தனை பிள்ளைகளுக்கும் அளந்துதான் உலை வைத்தேன்.