காய்ச்சிய மோர்

எனக்கு வந்திருப்பது சீதபேதி (சளியும் ரத்தமுமாகக் கழிவது) என்றார் அரியலூர் டாக்டர். யுத்த காலத்திலும் எப்படியோ சல்பா மாத்திரை (கிருமிகளைக் கொல்லும் மருந்து) கிடைத்தது. ரத்தம் நின்றது. கழிச்சல் நிற்கவில்லை. கைக்குழந்தைக்குப் பால் வற்றியது. இடுப்பில் புடவை நிற்கவில்லை.

என்னைப் பார்த்துக்கொள்ளத் தங்கை செல்லம் வந்தாள். மாமியார் அவளை ஏற இறங்கப் பார்க்கத் தொடங்கினார்.

"புள்ளை சின்னவகிட்ட ஒட்டிக்கிச்சு. இனிமே வெளியில பொண்ணு தேட வேணாம்" என்று அவர் என் கணவரிடம் சொன்னது அடுப்படியிலிருந்து கேட்டது. நான் இன்னும் சாகவில்லை! அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கணவர் பதிலே சொல்லவில்லை. நான் பயந்தது அதற்குத்தான்.

செல்லமும் கேட்டிருக்கிறாள். என் காலைப் பிடித்துக்கொண்டு, "செத்துடாதக்கா. எனக்கு மாமாவக் கட்டிக்க இஷ்டமில்ல" என்றாள்.

மறுபடி டாக்டரிடம் போனோம். "மாத்திரை கெட்ட கிருமியோட நல்லதையும் அழிச்சிடுச்சும்மா. புளிச்ச மோர் குடிங்க. பாலைத் தயிராக்குற கிருமி குடலுக்கு நல்லது" என்றார்.

வேளை தவறாமல் செல்லம் மோர் கொடுத்தாள். நான் இன்னும் இளைத்தேன். மாமியார் அவளுக்குப் புதுச்சேலை எடுத்து வந்தார். அவள் அதைப் பிரிக்கவே இல்லை.

அடுத்த முறை டாக்டர், "மோரை எப்படிக் குடுக்குறீங்க?" என்று கேட்டார்.

"நல்லாக் கொதிக்க வச்சுத்தாங்க" என்றாள் செல்லம், பெருமையாக.

"அடடா, அந்த நல்ல கிருமி அத்தனையும் செத்துப்போயிருக்குமேம்மா!"

ஊரில் வாந்திபேதி. எதையும் கொதிக்க வைக்காமல் வாயில் வைக்காதே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அவள் காய்ச்சினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இதே நோயில் கிடப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மோரில் விடும் தண்ணீரைக் காய்ச்சி ஆற வையுங்கள். மோரை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

மெல்ல மெல்லக் கழிச்சல் குறைந்தது. சோறு தங்கியது. இப்போது நடமாடுகிறேன். ஆனால் இந்த வயிறு என்னுடையது என்ற எண்ணம் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத எதையோ நம்பி அது ஓடிக்கொண்டிருக்கிறது. கொல்லைக்குப் போய்த் திரும்பினால் மாமியார் என் முகத்தைப் பார்க்கிறார். செல்லம் அவர் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பேச்சை அவர் விட்டுவிடவில்லை, தள்ளி வைத்திருக்கிறார்.

அப்பா வாலிகண்டபுரத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். தையில் கல்யாணம். முன்பெல்லாம் மாதங்கள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன. இப்போது ஒவ்வொரு நாளையும் நான்தான் பிடித்துத் தள்ளுகிறேன். அவள் கழுத்தில் வேறொருவன் தாலி கட்டும்வரை நான் சாகக் கூடாது.