பெட்டிக்கு ஒரு சுழி

2009இல் எனக்கு நாற்பத்தாறு வயது. மத்திய லண்டனில் ஒரு தனியார் நூலகத்தின் நிலவறையில், பழைய தாள்களுக்கு இலக்கம் போடும் ஆறு மாத ஒப்பந்த வேலை. அமெரிக்கா ஆங்கிலேயனின் குடியேற்றமாக இருந்த காலத்தில் பொஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் அச்சடித்த ஒற்றைத் தாள்கள் அவை. மூச்சுவிட்டாலே நொறுங்கும் என்று பயமுறுத்தித் தந்தார்கள். வாசித்துப் பார்த்தேன், எல்லாம் விளம்பரமும் அறிவித்தலும். செம்மண்நிறக் குதிரையைக் காணவில்லை. புது மெழுகுதிரி வந்திறங்கியிருக்கிறது. என் மனைவி ஓடிவிட்டாள், அவளுக்கு எவரும் இடம் கொடுக்கக்கூடாது என்கிறான் ஒருவன். எழுத்துகளில் பாதி தேய்வு, மீதி மை அப்பல். நான் குடியிருக்கும் டூட்டிங்கில் பலசரக்குக் கடைக் கதவில் ஒட்டும் நோட்டீஸ் இதைவிடத் துப்புரவாக இருக்கும். இருநூற்றைம்பது வருடம் குப்பையில் போட மறந்தால் எதுவும் பொக்கிஷம்தான்.

தாளின் பின்புறம், கீழ்மூலையில், மெல்லிய பென்சிலால் இலக்கம் எழுதவேண்டும். அவ்வளவுதான். முதற் பெட்டியின் முதல் தாளைப் பிரட்டினேன். என் கை நேரே தாளின் தலைக்குப் போய் ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டு, அடியில் கோடும் இழுத்துவிட்டு, பிறகுதான் கீழே இலக்கத்துக்கு இறங்கியது. பள்ளிக்கூடக் கொப்பி தொடக்கம் கவுன்சிலுக்கு எழுதும் முறைப்பாடு வரை சுழி போட்டே பழகிய கை. என்னை ஒரு சொல் கேட்கவில்லை. அடுத்த பெட்டி புது வேலை அல்லவா? அதற்கும் ஒன்று. இப்படி ஏழு பெட்டி.

ஒப்பந்தம் முடிய மூன்று கிழமை இருந்தது. அந்த வருடம் எங்கு பார்த்தாலும் ஆட்குறைப்பு. என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்பது நூலகப் பொறுப்பாளரான அம்மையாரின் கையில். அந்நேரம் பார்த்து, இந்தத் தாள்களை ஆராய அமெரிக்காவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து இறங்கினார். மூன்றாம் நாள் அவர் அம்மையாரை நிலவறைக்கே இழுத்து வந்தார்.

“ஏழு கட்டு, ஏழு அச்சகம், ஆனால் ஒரே குறி! அதுவும் முதல் தாளில் மட்டும்! வளைவைப் பாருங்கள், நங்கூரம். கீழே கோடு, அது கடல். தாள் வணிகர்களின் இரகசியச் சங்கம் ஒன்று இருந்திருக்கிறது!”

அவர் கையிலிருந்த தாளின் முன்புறத்தில், சவர்க்கார விளம்பரத்துக்குக் கீழே, ஓடிப்போன அடிமை ஒருவனைப் பற்றிய அறிவித்தல் இருந்தது. இடது காலில் தழும்பு, நன்றாகப் பாடுவான், பிடித்துத் தந்தால் வெகுமதி. மனிதனையும் சவர்க்காரத்தையும் ஒரே அளவு எழுத்தில் அடித்திருந்தான் அந்த அச்சுக்காரன். பேராசிரியர் அந்தப் பக்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் பென்சில் கோட்டுக்குப் பூதக்கண்ணாடி வைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ, அவன் ஓடிய திசை மட்டும் தெரிந்தால் போதும்போல் இருந்தது.

அன்று டூட்டிங்கில் இறங்க மறந்ததால், ரயில் கடைசித் தரிப்பிடத்தில் என்னைத் துப்பியது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து எட்டு வருடமாகியும் நாடுகடத்துவார்களோ என்று யோசித்தபடி வீட்டுக்கு வந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“ஏழிலயும் போட்டனீங்களோ?”

“கை தானாப் போட்டிட்டுதப்பா.”

“அப்ப கையை மட்டும் வேலையால நிப்பாட்டச் சொல்லுங்கோ. மிச்ச ஆள் வேலைக்குப் போகட்டும்.”

“விடிய வெள்ளன போய் அழிச்சுவிடட்டே?”

“பிள்ளையாரையோ? நல்லாச் செய்யுங்கோ. வேலையும் போகும், அவரும் கோவிப்பார். விசர்க்கதை கதையாமல் போய் உண்மையைச் சொல்லுங்கோ. அந்த மனிசன் மேடையில படத்தைப் போட்டுக் காட்டேக்க எங்கட சனம் ஒண்டு பின்னால இருந்து சிரிச்சா என்ன செய்வியள்?”

ஆனாலும் விடிய அழிறப்பரோடுதான் போனேன். முதற் சுழிக்கு மேல் அதைப் பிடித்தபோது நெற்றி வியர்வை ஒரு துளி மூக்கு நுனிவரை வந்து நின்றது. தாளில் அதுவும் விழுந்தால் சங்கத்துக்கு இன்னொரு சின்னம் கிடைத்துவிடும். தாளை மூடிவைத்துவிட்டு, அம்மையாரின் அறைக்குப் போனேன். பேராசிரியரும் அங்கே இருந்தார். அந்தக் குறியைப் போட்டது நான் என்றேன்.

பேராசிரியர் அனுதாபத்தோடு சிரித்தார். “நண்பரே, இது பதினெட்டாம் நூற்றாண்டுக் குறி.”

“இல்லை ஐயா. போன மாசி மாதம்.”

போட்டுக் காட்டச் சொன்னார். வெள்ளைத் தாளில் வரிசையாக ஆறு போட்டேன். ஆறும் அச்சடித்தது போலவே வந்தன. அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார், தோள்கள் குலுங்கின. பேராசிரியர் கதிரையில் மெல்ல அமர்ந்தார். ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு அறிஞர்களுக்குக் கடிதம் போட்டுவிட்டாராம்.

“இது வேறு யாருக்குத் தெரியும்?”

“என் மனைவிக்கு.”

“அவர் வரலாற்றாய்வாளரா?”

“மரக்கறிக் கடையில் வேலை.”

“அப்படியானால் நல்லது” என்றார், ஆண்டவனுக்கே நன்றி சொல்வதுபோல்.

என்னை வேலையிலிருந்து நிறுத்துவதென்றால் காரணம் எழுதவேண்டும். காரணம் எழுதினால் நங்கூரமும் கடலும் சங்கமும் கோப்பில் ஏறும். எதையும் எழுதவேண்டாம் என்று பேராசிரியரே மன்றாடினார். ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டிய அம்மையார், “இனிப் பென்சிலைத் தொடக்கூடாது. பெட்டி வண்டிலை மட்டும் தள்ளுங்கள்” என்றார். தள்ளினேன். பேராசிரியர் இன்னும் இரண்டு கிழமை இருந்தார். நான் வண்டிலோடு வந்தால் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு, முதலில் அவர்தான் எனக்கு வணக்கம் சொல்வார். அந்த நூலகத்தில் என்னை அப்படி மதித்த படித்த மனிதர் வேறெவரும் இல்லை.