அண்ணன் அட்டையில் என் மகள்

1. புதன்கிழமை மூன்றேகால் மணிக்குப் பள்ளி விட்டது.

2. மூன்று இருபதுக்கு என் மகள் புவனாவை அவளுடைய அப்பா கூட்டிக்கொண்டு போனார். ஆறு மாதமாக அவர் எங்களோடு இல்லை. வழக்கு நடக்கிறது.

3. நாலு பத்துக்கு நான் வேலையிலிருந்து பள்ளிக்கு வந்தேன். ஆயா மேரி மட்டும் இருந்தார்.

4. எங்கள் வரிசை வீட்டுக்காரர் ஒருவர் அவர்கள் இருவரையும் பேசின் பிரிட்ஜ் பக்கம் போகும் பஸ்ஸில் பார்த்திருக்கிறார். என் கணவர் கையில் தகரப் பெட்டி இருந்ததாம்.

5. நாலே முக்காலுக்கு நான் போலீஸ் ஸ்டேஷனில் நின்றேன். ரைட்டர் எங்கள் குடும்ப அட்டையைப் படித்துவிட்டு, "இதுல உங்க அண்ணன் பொண்ணுன்னு கீது. அண்ணனை வரச் சொல்லு" என்றார்.

6. ஆறரைக்கு அண்ணனும் நானும் கேட்டுக் கேட்டுப் போய், பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டை ஒட்டிய ஒரு வீட்டில் அவளைக் கண்டுபிடித்தோம். தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

ரங்கூன் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்தபோது, கண்டதை நேரத்தோடு வரிசையாக எழுது, நினைத்ததை எழுதாதே என்றார்கள். திருவொற்றியூர் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவில் பஸ்ஸில் வந்த முக்கால் மணி நேரத்தில், டிக்கெட்டை வாங்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கண்டக்டர் அதை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. குழாயடியில், ரேஷன் கடையில், பள்ளி வாசலில், எங்கே போனாலும் முதல் கேள்வி, "யாரு வூட்டு ஆளு நீ?" ரங்கூனில் என் பெயரைக் கேட்பார்கள், அதோடு சரி. இங்கே ஒரு ஆண்பிள்ளை வந்து "நான் அப்பா" என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை. மேரியிடம் நான் கோபமாகத்தான் பேசினேன். அவர் ராயபுரத்துக்காரர், யாருக்கும் பயப்படாதவர். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "கொயந்தை அப்பான்னு கத்திக்கினு ஓடிச்சும்மா. பெத்த நைனா வந்து இட்டுக்கினு போறேன்னா நான் இன்னா போலீஸா, புடிச்சு வெக்க? உங்க ரெண்டு பேருக்கும் பேஜாருன்னா முன்னாடியே சொல்லணும்ல." அவர் சொன்னது சரி. நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

பர்மாவில் இதில் வெட்கம் இல்லை. எங்கள் தெருவில் மா கின் என்ற பெண்ணும் அவள் கணவனும் பிரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். தெருப் பெரியவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். பையன் அப்பாவோடு, பெண் அம்மாவோடு என்று முடிவானதும், ஊறவைத்த தேயிலை, லபே என்போமே, அதை ஒரே தட்டிலிருந்து இருவரும் தின்றார்கள். தின்றுவிட்டால் தீர்ந்தது. மறுவாரமே அவள் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். அது நல்ல முறை என்று சொல்ல வரவில்லை. அந்தப் பையன் அக்காவைத் தேடி எங்கள் தெருவுக்கு வந்து அழுவான். ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்களுக்கு வந்தது வேறு வகைச் சண்டை. பர்மாவில் கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதற்கு அடுத்த வருஷம் நானும் அண்ணன் குடும்பமும் கப்பல் ஏறினோம். என் கணவரின் காகிதங்கள் வரவில்லை. நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்றார். புருஷன் இல்லாமல் குழந்தையோடு போகிற பெண்ணுக்கு இன்னொரு கடிதம் வேண்டும், அதற்கு மாதக் கணக்காகும் என்று வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். உடனே அண்ணன் தன் இரண்டு பிள்ளைகளோடு புவனாவையும் மூன்றாவதாகத் தன் குடும்ப அட்டையில் எழுதிக்கொண்டார். எனக்கு முன்னால் நின்ற குடும்பமும் அப்படித்தான் செய்தது, பின்னால் நின்றதும் அப்படித்தான். அவளுக்கு அப்போது மூன்றரை வயது. மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்து கேட்டாலும் அப்பா பெயர் ராமலிங்கம், நான் அத்தை என்று சொல்லிக்கொடுத்தோம். துறைமுகத்தில் சொன்னாள். அகதி முகாமில் சொன்னாள். எர்ணாவூரில் வீடு ஒதுக்கியபோதும், பள்ளியில் சேர்த்தபோதும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்ததும் திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. வீட்டில் நான் எப்போதும் அம்மாதான்.

ஒன்றரை வருஷம் கழித்து என் கணவர் வந்தார். ரங்கூனில் மரமில்லில் இருபது பேரை வேலை வாங்கியவர். இங்கே துறைமுகத்தில் தினமும் காலையில் நின்று, பெயர் கூப்பிடுவார்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. "நான் இந்த ஊர்க்காரன் இல்லை" என்று சொல்லத் தொடங்கினார். நம்மவர்கள் சிலர் ரயிலேறி மணிப்பூர் எல்லையில் மோரே வரை போய், அங்கிருந்து நடந்து பர்மாவுக்குள் போக முயல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரும் போக வேண்டும் என்றார். அவருடைய அம்மா அங்கே இருக்கிறார். நான் வரமாட்டேன் என்றேன். இரண்டு முறை அடித்தார், புவனா பார்க்க. மூன்றாவது முறைக்கு நான் காத்திருக்கவில்லை. நான் பிரிவு கேட்டு மனுப் போட்டேன், அவர் குழந்தை கேட்டு மனுப் போட்டார்.

யானைக்கவுனியில் ஒரு மாடி அறையில் எங்கள் வக்கீல் இருக்கிறார். ஐந்து வயது வரைதான் சட்டம் தாயின் பக்கம் பார்க்கும், அதற்கு மேல் தகப்பன்தான் முதல் காப்பாளர் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். புவனாவுக்கு ஏழு நடக்கிறது. எல்லையைத் தாண்டிவிட்டால் எந்தக் கோர்ட்டாலும் அவளைத் திருப்பித் தர முடியாது. எனக்கு விசா கிடைக்காது. கடிதம்கூடப் போய்ச் சேருமோ என்னவோ. பேசின் பிரிட்ஜ் வீட்டில் நான் பார்த்த தகரப் பெட்டிக்குள் அவளுடைய இரண்டு கவுன்களும் ஒரு கம்பளிச் சட்டையும் இருந்தன. சென்னையில் யாரும் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை வாங்குவதில்லை. வெள்ளிக்கிழமை கிளம்ப இருந்தார்களாம். எங்களைப் பார்த்ததும் அவர் சண்டை போடவில்லை. "என் பிள்ளையை என் அம்மாகிட்டக் காட்டக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அதற்குப் பிறகு வக்கீல் அட்டையைப் பார்த்தார். பெரிதாக மூச்சு விட்டார். "இந்த அட்டைப்படி அவனுக்குக் குழந்தை மேல எந்த உரிமையும் இல்லை. உனக்கும் இல்லை." அண்ணன் யோசிக்கவே இல்லை. "அப்ப நல்லதாப் போச்சு. நான்தான் தகப்பன்னு சொல்லிட்டுப் போறேன். மூணு வருஷமாச் சொன்னதுதானே, புதுசா என்ன?" அண்ணி மட்டும், "பொய்க்கு ஒரு அளவு வேண்டாமா? அப்புறம் எனக்குப் பிறந்ததுன்னு நானும் கூண்டில ஏறணுமா?" என்றார். உண்மையைச் சொன்னால் புவனா மோரேக்குப் போவாள். பொய் சொன்னால் நான் அத்தை.

அடுத்த வாய்தாவில் நீதிபதி குழந்தையிடமே கேட்டுவிடலாம் என்று அவளைத் தன் அறைக்கு அழைத்தார். அன்பானவர். இரண்டு வக்கீல்களும் உள்ளே நின்றார்கள். நானும் என் கணவரும் அண்ணனும் கதவருகே. பெரிய மேசை. அதற்குப் பின்னால் கறுப்பு அங்கியில் ஒருவர்.

"உன் அப்பா பேர் என்னம்மா?"

"ராமலிங்கம்."

"அங்கே நிக்கிறாங்களே, அவங்க யாரு?"

"அத்தை."

தெளிவாக, சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்ட வேண்டும் என்று காத்திருந்தாள். என் வக்கீல் என் பக்கம் சாய்ந்து, "பேசாம இரு" என்று முணுமுணுத்தார். என் கணவர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி, உள்ளே வேறு யாரோ குடியிருப்பதைப் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

நான் தலையாட்டியிருந்தால் அவள் மோரேக்குப் போகமாட்டாள். இதை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இனி எந்த மேசை முன்னாலும் இதையேதான் சொல்வாள், பத்து வயதிலும் இருபது வயதிலும். எனக்கு அது தாங்கவில்லை.

"ஐயா, அது நாங்கள் சொல்லிக்கொடுத்தது. அவள் என் மகள். அப்பா இவர்தான்" என்று கணவரைக் காட்டினேன். கப்பல் ஏறுவதற்காக அட்டையில் எழுதியதையும் சொன்னேன். சர்க்காரிடம் பொய் எழுதியதாக ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்றேன். அண்ணன் குனிந்துகொண்டார். ஆள் எண்ணிக்கை பார்த்துத்தான் அவருக்கு எர்ணாவூர் வீட்டை ஒதுக்கினார்கள்.

வராந்தாவில் புவனா என் கையை இழுத்தாள். "சரியாச் சொல்லலையாம்மா?"

சரியாகத்தான் சொன்னாய், இனிமேல் வேறு மாதிரி சொல்லலாம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. என் கணவர் அருகில் வந்து பர்மிய மொழியில், "அம்மாவுக்கு எழுதணும். பிறப்புச் சான்றிதழ் அவங்ககிட்டதான் இருக்கு" என்றார். நீதிபதி கேட்டிருப்பது அதைத்தான். அது வந்தால் நான் தாய் என்று நிரூபணம் ஆகும். அவர் தகப்பன் என்றும் ஆகும்.

இதைப் படிக்கும் நம்மவர்களில் அண்ணன் அட்டையில், மாமன் அட்டையில், பக்கத்து வீட்டுக்காரர் அட்டையில் பிள்ளையை எழுதியவர்கள் இருப்பீர்கள். சண்டை வருவதற்கு முன் திருத்திக்கொள்ளுங்கள். வந்தபிறகு திருத்தினால் என்ன ஆகும் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

தீர்ப்பு வரும்வரை குழந்தை என்னிடம் இருக்க வேண்டும், நகர எல்லையைத் தாண்டக் கூடாது, ஞாயிறு மாலை நாலிலிருந்து ஆறு வரை அப்பா பார்க்கலாம் என்று உத்தரவு. எர்ணாவூர்க் கடற்கரையில் பார்க்கிறார். பர்மாவில் முகத்துக்கு அரைத்துப் பூசும் தநாக்கா கட்டையை எங்கிருந்தோ வாங்கி வந்து, கல்லில் உரசி அவள் கன்னங்களில் பூசிவிடுகிறார். அவள் அவரோடு பர்மிய மொழியில் பேசுகிறாள், இருபதடி தள்ளி உட்கார்ந்திருக்கும் என்னிடம் தமிழில் கத்துகிறாள். நான் அவருடைய கைகளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறேன். ஆறு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது அவள் முகம் பாதி காய்ந்து வெளுத்திருக்கும், பாதி ஈரமாக இருக்கும்.

ரங்கூனிலிருந்து கடிதம் வரவில்லை. அண்ணன் வீட்டைப் பற்றி விசாரணைக்கு வரச்சொல்லி ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. வழக்கை இரண்டு முறை தள்ளி வைத்துவிட்டார்கள். புவனா என்னிடம் இருக்கிறாள், அடுத்த வாய்தா வரை.